செல்போன் சாட்சி சொல்கிறது! அழித்த படம் அகப்படுவது எப்படி?

சாட்சிக்கூண்டில் ஏறாத சாட்சி ஒன்று உண்டு. அதற்கு வாய் கிடையாது. சத்தியப் பிரமாணம் செய்யாது. மிரட்டினால் பயப்படாது. பணம் கொடுத்தாலும் பல்டி அடிக்காது.

ஆனாலும் தமிழ்நாட்டில் பெரிய பெரிய வழக்குகளின் முடிவை இன்று அது மாற்றுகிறது.

எது அந்தச் சாட்சி? நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போன்தான்!

யாரிடம் பேசினோம், எங்கே போனோம், என்ன படம் எடுத்தோம் என்பதை எல்லாம் அது குறித்து வைத்துக்கொள்கிறது. ஆனால், அந்தச் சாட்சியைப் பேச வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முறை தவறினால் சாட்சி ஊமையாகிவிடும். குற்றவாளி தப்பிவிடுவான். சில வேளைகளில் குற்றம் செய்யாதவன் மாட்டிக்கொள்வான்.

அந்த முறை என்ன? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மிரட்ட எடுத்த படம்

2019-ம் ஆண்டில் தமிழ்நாட்டையே உலுக்கியது பொள்ளாச்சி பாலியல் வழக்கு. பெண்களை நம்ப வைத்து அழைத்துப்போய் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டினார்கள்.

2025-ம் ஆண்டு மே மாதம் 13-ந்தேதி கோவை மகளிர் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 9 பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை! பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு.

இந்த வழக்கில் பெண்கள் துணிந்து சொன்ன சாட்சியம் ஒரு கை. செல்போன் போன்ற கருவிகளில் கிடைத்த சான்று மறு கை. இரண்டும் சேர்ந்ததால்தான் ஓசை எழுந்தது. மிரட்டுவதற்காக எடுத்த படமே, எடுத்தவர்களைச் சிறைக்கு அனுப்பியது.

யார் அந்த "சார்"?

இன்னொரு வழக்கு. 2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பலாத்காரம் செய்யப்பட்டாள். "குற்றவாளி அப்போது போனில் யாரோ ஒரு சாருடன் பேசினான்" என்று செய்தி பரவியது. "யார் அந்த சார்?" என்று ஊரே கேட்டது.

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ந்தேதி சென்னை மகளிர் கோர்ட்டு அவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

தீர்ப்புக்குப் பிறகு அரசு வக்கீல் விளக்கம் சொன்னார். சம்பவ நேரத்தில் அவனுடைய போன் 'பிளைட் மோடில்' இருந்தது. அதாவது பேசவே முடியாத நிலையில் இருந்தது. யாரையோ கூப்பிட்டதுபோல அவன் நடித்தான். போனை ஆராய்ந்ததிலும், போன் கம்பெனி அதிகாரி சொன்ன சாட்சியத்திலும் இது தெரிந்தது என்றார்.

பார்த்தீர்களா? ஒரு வழக்கில் குற்றத்தை நிரூபிக்கப் போன் உதவியது. இன்னொன்றில் ஒரு பெரிய சந்தேகத்துக்கே அது பதில் சொன்னது.

காடாம்புலியூரில் பிடித்தால்...

சரி, போனுக்குள் இருப்பதை எடுப்பது எப்படி?

காடாம்புலியூரை எடுத்துக்கொள்வோம். பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவே உள்ள ஊர். முந்திரித் தோப்பும் பலா மரமும் நிறைந்த வட்டாரம். அங்கே ஒரு பெண்ணை ஒருவன் படம் காட்டி மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவள் போலீசில் புகார் கொடுக்கிறாள். அவனுடைய போன் போலீசார் கையில் சிக்குகிறது.

அடுத்து என்ன செய்ய வேண்டும்?

"திறந்து பார்க்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அதுதான் கூடாது!

கொலை நடந்த வீட்டில் கண்ட இடத்தில் கால் வைத்தால் கால் தடம் கெடும் அல்லவா? அதேபோலத்தான் போனும். திறந்து விரலால் தள்ளினால் உள்ளே புதிய பதிவுகள் விழும். பழைய தேதி, நேரம் மாறும். "போலீசாரே உள்ளே வைத்தார்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார்.

ஆகவே முதல் விதி இது: போன் ஓடிக்கொண்டு இருந்தால் அணைக்காதே. அணைந்து இருந்தால் போடாதே.

இதற்குக் காரணம் உண்டு. இப்போதைய போன்களில் உள்ள தகவல் எல்லாம் சங்கேத எழுத்தாக மாறித்தான் உள்ளே இருக்கிறது. கடவுச்சொல் போட்டு ஒரு முறை திறந்துவிட்டால், அதைப் படிக்கும் சாவி போனுக்குள் விழித்துக்கொண்டு இருக்கும். அணைத்துவிட்டால் சாவி மறைந்துவிடும். பிறகு திறப்பது பல மடங்கு கஷ்டம். 2024-ம் ஆண்டு முதல் ஐபோன்களில் ஒரு புதிய ஏற்பாடும் வந்தது. 3 நாள் திறக்காமல் கிடந்தால் போன் தானே அணைந்து மறுபடி ஓடும். நாள் கடத்தினால் நஷ்டம்!

உறைக்குள் அடைத்த போன்

அடுத்த ஆபத்து வெளியே இருந்து வரும். போன் போலீசார் கையில் இருக்கும்போதே, கூட்டாளி ஒருவன் வேறு ஊரில் இருந்துகொண்டு இன்டர்நெட் வழியாக அதில் உள்ளதை எல்லாம் துடைத்துவிட முடியும்.

ஆகவே போனை 'பிளைட் மோடில்' போட வேண்டும். பிறகு அலை புகாத உறையில் அடைக்க வேண்டும். உலோக இழை கலந்த உறை அது. 1836-ம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்ற ஆங்கில விஞ்ஞானி, உலோகக் கூண்டுக்குள் மின்சாரம் புகாது என்று காட்டினார். அவர் பெயரால்தான் அந்த உறையை இன்றும் 'பாரடே பை' என்கிறார்கள்.

உறைக்குள் இருக்கும் போன் அலையைத் தேடித் தேடிக் களைத்துவிடும். பேட்டரி இறங்கிவிடும். அதனால் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு மகஜர் எழுத வேண்டும். போனின் பெயர், நிறம், கீறல், உள்ளே இருக்கும் சிம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுத வேண்டும். மனிதனுக்குக் கைரேகை போல, போனுக்கு இந்த எண்.

2024-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந்தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்தன. சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று அவற்றில் ஒன்றான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. அந்த வீடியோ தாமதம் இல்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால், தடய நிபுணரும் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்து முடிக்க மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு.

காடாம்புலியூரில் பிடித்த போன் பண்ருட்டி மாஜிஸ்திரேட்டு கோர்ட்டின் பொறுப்புக்கு வரும். அங்கிருந்து முத்திரை வைத்து தடய ஆய்வகத்துக்குப் போகும். பக்கத்தில் விழுப்புரத்தில் வட்டார ஆய்வகம் இருக்கிறது. தலைமை ஆய்வகம் சென்னையில். 1849-ம் ஆண்டில் வெள்ளைக்காரர் காலத்தில், விஷச்சாவுகளை ஆராயத் தொடங்கிய ரசாயன ஆய்வுக்கூடத்தின் வாரிசு அது.

ஒவ்வொரு கை மாறும்போதும் யார் கொடுத்தார், யார் வாங்கினார், என்ன நேரம், முத்திரை சரியாக இருந்ததா என்று எழுத வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வழக்கு தள்ளாடும்.

படச்சுருளும் செல்போனும்

1991-ம் ஆண்டு மே மாதம் 21-ந்தேதி ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தி இறந்தார். அதே குண்டுக்குப் பலியானார் அரிபாபு என்ற போட்டோகிராபர். அவர் உடல் மீது கிடந்த கேமரா மட்டும் உடையாமல் தப்பியது! அதில் இருந்த 10 படங்கள்தான் கொலைகாரக் கும்பலைக் காட்டிக் கொடுத்தன.

அந்தக் காலத்தில் படச்சுருள் இருந்தது. நெகட்டிவ்தான் அசல். "படத்தை மாற்றிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால், நெகட்டிவை எடுத்துக் காட்டலாம்.

செல்போன் படத்துக்கு நெகட்டிவ் ஏது? அசலும் நகலும் இம்மி வித்தியாசம் இல்லாமல் இருக்கும். மாற்றினாலும் கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால் அசல் என்று நிரூபிப்பது எப்படி?

இதற்கு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழிதான் 'ஹாஷ் எண்'.

போனில் இருந்து எடுத்த தகவல் முழுவதையும் ஒரு கணக்குக்குள் செலுத்துகிறார்கள். முடிவில் ஒரு நீண்ட குறியீடு வருகிறது. ஷா-256 என்ற கணக்கில் அது 64 எழுத்தும் எண்ணும் கொண்டது. ஆயிரம் படம் இருந்தாலும் 64தான். ஒரே ஒரு வரி இருந்தாலும் 64தான். ஆனால் உள்ளே ஒரு காற்புள்ளியை மாற்றிப் பாருங்கள். குறியீடு முழுவதும் தலைகீழாக மாறிவிடும்!

எடுத்த அன்றே அந்தக் குறியீட்டை எழுதி வைக்க வேண்டும். 3 ஆண்டு கழித்து கோர்ட்டில் மறுபடி கணக்குப் போட வேண்டும். இரண்டும் ஒன்றானால் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். அரக்கு முத்திரை செய்யும் வேலையை இந்த எண் செய்கிறது.

தோண்டுவது போல...

போனில் இருந்து தகவல் எடுப்பதில் பல படிகள் உண்டு.

திரையில் தெரிவதை அப்படியே படம் பிடிப்பது முதல் படி. இது மேலோட்டமானது.

போனிடமே கேட்டு, அது கொடுப்பதை வாங்கிக்கொள்வது இரண்டாவது. தொலைபேசி எண்கள், செய்திகள், படங்கள் கிடைக்கும்.

உள்ளே உள்ள கோப்பு அறைகளை எல்லாம் முழுவதுமாக நகல் எடுப்பது மூன்றாவது. அழித்த செய்திகளில் பல இங்கேதான் அகப்படும்.

போனைப் பிரித்து, நினைவுச் சில்லைக் கழற்றிப் படிப்பது கடைசி வழி. தண்ணீரில் விழுந்த போன், உடைந்த போன் ஆகியவற்றுக்கு இது உதவும். ஆனால் சங்கேதமாகப் பூட்டிய புதிய போன்களில் இதனால் பெரிய பலன் இல்லை.

நெய்வேலியில் நிலக்கரி எடுப்பவர்கள் மேல் மண்ணை அடுக்கடுக்காக நீக்கி ஆழத்துக்குப் போகிறார்கள். இதுவும் அப்படித்தான். ஒரு வித்தியாசம்: சுரங்கத்தில் மண் கலைவதைத் தவிர்க்க முடியாது. இங்கே மேல் மண் கலையாமல் அடியில் இருப்பதை எடுக்க வேண்டும்!

கம்ப்யூட்டர் தட்டு என்றால், எழுத விடாமல் தடுத்துப் படிக்க மட்டும் விடும் கருவி உண்டு. போன் அப்படி அல்ல. அது ஓடினால்தான் பேசும். ஓடினால் கொஞ்சமாவது மாறும். ஆகவே நல்ல நிபுணர், எந்த நேரத்தில் எந்தக் கருவியால் என்ன செய்தார் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைப்பார். இன்னொரு நிபுணர் அதைப் படித்தால் அவர் சென்ற வழி புரிய வேண்டும்.

அழித்தது அழிந்ததா?

"அழித்துவிட்டேனே, பிறகு எப்படி?" என்று பல குற்றவாளிகள் வாய் பிளக்கிறார்கள்.

நூலகத்தில் ஒரு புத்தகத்தின் பெயரைப் பட்டியலில் இருந்து அடித்தால், புத்தகம் உடனே காணாமல் போகுமா? அலமாரியில்தான் இருக்கும். அந்த இடத்தில் வேறு புத்தகம் வைக்கும் வரை இருக்கும். வாட்ஸ் அப் செய்தியும் ஏறக்குறைய அப்படித்தான். இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. புதிய செய்தி வந்து அந்த இடத்தை நிரப்பும்போதுதான் பழையது மறைகிறது. படம் என்றால் குப்பைத்தொட்டியிலும், சின்ன அளவு நகலிலும், இன்டர்நெட் சேமிப்பிலும், அனுப்பியவர் போனிலும் பிரதி இருக்கக்கூடும்.

ஆனால் இதை மந்திரம் என்று நம்பிவிடக் கூடாது. போன் முழுவதையும் தொழிற்சாலை நிலைக்குத் துடைத்துவிட்டால், புதிய போன்களில் சாவியே அழிந்துவிடும். பூட்டு இருக்கும், திறக்க வழி இருக்காது. "எதை வேண்டுமானாலும் மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் நடந்த தவறு

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம்.

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. 14 பேர் இறந்தார்கள். கொலைகாரனின் ஐபோன் கிடைத்தது. தகவலை உடனே பார்க்கும் ஆசையில், அதிகாரிகள் அவனுடைய இன்டர்நெட் சேமிப்புக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினார்கள். விளைவு? போன் தானாகவே பிரதி அனுப்பக்கூடிய வழி அடைபட்டுவிட்டது!

அது தவறுதான் என்று துப்பறியும் இலாகாவின் தலைவரே பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டார். ஆப்பிள் கம்பெனியுடன் பெரிய வழக்கு மூண்டது. 2016-ம் ஆண்டு மார்ச் மாதம் வெளியாட்களின் உதவியால்தான் போனைத் திறந்தார்கள்.

ஒரு விரல் செய்த தவறு! பல மாத வேலை!

சான்றிதழ் இல்லையேல் சாட்சி இல்லை

தகவலை எடுத்தால் மட்டும் போதாது. கோர்ட்டு ஏற்க வேண்டும்.

2020-ம் ஆண்டு ஜூலை மாதம் 14-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கிய தீர்ப்பு சொன்னது. அசல் கருவியே கோர்ட்டுக்கு வந்தால் வேறு. நகலைக் காட்டுவதானால் அதற்குச் சான்றிதழ் கட்டாயம் என்றது. புதிய சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 63-வது பிரிவில், அந்தச் சான்றிதழை இரண்டு பாகமாக்கியது. தகவலைத் தாக்கல் செய்பவர் ஒரு பாகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நிபுணர் மற்றொன்றில் போட வேண்டும். ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும்.

இத்தனை கண்டிப்பு வேண்டுமா? வேண்டும். ஏன் என்றால், ஹாஷ் எண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. பெட்டியைப் பூட்டிய பிறகு யாரும் திறக்கவில்லை என்றுதான் அது சொல்லும். பூட்டுவதற்கு முன் உள்ளே வைத்தவர் யார் என்று சொல்லாது.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020-ம் ஆண்டில் கைதானார். 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் காவலில் இருக்கும்போதே மும்பையில் இறந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் கடிதங்கள் இருந்ததாகக் குற்றச்சாட்டு. அந்தக் கோப்புகளை வெளியாட்கள் இன்டர்நெட் வழியாகப் புகுத்தினார்கள் என்று அமெரிக்க ஆய்வகம் ஒன்று 2022-ம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது. அது அந்த ஆய்வகத்தின் கருத்து; கோர்ட்டின் தீர்ப்பு அல்ல. ஆனாலும், முதல் நாளில் இருந்தே கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

போனுக்குள் ஒரு குடும்பம்

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. போனுக்குள் குற்றம் மட்டுமா இருக்கிறது? பிள்ளைகளின் படம் இருக்கிறது. மனைவியுடன் பேசியது இருக்கிறது. டாக்டர் சீட்டும் பாங்கி கணக்கும் இருக்கின்றன. ஒரு சந்தேகத்துக்காக அத்தனையும் அந்நியர் கண்ணில் படலாமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். போன் சோதனைக்கான நடைமுறையை 2021-ம் ஆண்டில் கர்நாடக ஐகோர்ட்டு படிப்படியாக வகுத்தது. அலை புகாத உறையும் அதில் உண்டு. போன்களைப் பறிமுதல் செய்வதற்குத் தெளிவான விதிகள் வேண்டும் என்று 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் மத்திய சர்க்காரிடம் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது.

அண்ணா பல்கலைக்கழக வழக்கில், மாணவியின் விவரம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அதை விசாரித்தபோது பத்திரிகையாளர்களின் போன்களும் பறிமுதல் ஆயின. அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

பொள்ளாச்சி வழக்கின் தொடக்கத்திலும் பெண்ணின் பெயர் வெளியானது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி மதுரை ஐகோர்ட்டு கிளை 2019-ம் ஆண்டில் சொன்னது. குற்றவாளி செய்தது ஒரு கொடுமை. தகவல் கசிந்தால் அது இரண்டாவது கொடுமை. வழக்குக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, மற்றதை மூடி வைப்பதும் முறையின் ஒரு பகுதிதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் யாரையாவது போன் வழியாக மிரட்டினால் என்ன செய்வது?

முதலில், அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். வெட்கப்பட்டோ கோபப்பட்டோ அழித்தால், உங்கள் சாட்சியை நீங்களே அழிக்கிறீர்கள்.

திரையைப் படம் பிடித்து வையுங்கள். தேதி, நேரம், அனுப்பியவர் எண் தெரியட்டும். ஆனால் அது மட்டும் போதாது. செய்தி வந்த போன்தான் அசல். அதை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், துடைக்காதீர்கள்.

"அழித்ததை எடுத்துத் தருகிறேன்" என்பவரிடம் போனைக் கொடுக்காதீர்கள். படமும் போகும், சான்றும் கெடும்.

பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பெண்களுக்கு உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098.

போலீசார் போனை வாங்கினால், கைப்பற்றிய பட்டியலின் பிரதியைக் கேளுங்கள். ஐ.எம்.இ.ஐ. எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் போனில் *#06# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். இன்றே அழுத்தி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மிரட்டுகிறவனுக்குப் பலம் எங்கே இருக்கிறது? அவன் கையில் உள்ள படத்தில் இல்லை. வீட்டில் சொன்னால் திட்டுவார்களோ என்று நம் பெண் பயப்படுகிறாளே, அந்தப் பயத்தில்தான் இருக்கிறது. பொள்ளாச்சியில் அந்தப் பயத்தை ஒரு பெண் முதலில் உடைத்தாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

தாய் தந்தையர் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான்: "பயப்படாதே, எங்களிடம் சொல்!"

பிள்ளை வாய் திறந்தால், செல்போனும் வாய் திறக்கும்.